எரியாததை வாளியில் போடுங்கள்

அம்மா வாளிக்குள் முழங்கை வரை கையை விட்டுக் கம்பிகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தாள்.

மத்தாப்புக் கம்பிகள். சில பாதி எரிந்தவை. பல, தீயையே பார்க்காதவை. மேலிருந்த மருந்து ஊறிக் கரைந்துபோய் மொட்டைக் கம்பியாக வந்தன. ஒவ்வொன்றையும் முந்தானையில் துடைத்து, வாளி வைத்திருந்த வீட்டுக் காம்பவுண்டுச் சுவரின் மேல் வரிசையாக வைத்தாள்.

"எதுக்கும்மா இதெல்லாம்? நேரமாகுது."

"நேரமாகட்டும் கண்ணு. மாடு ஒரு கம்பிய முழுங்கிப்போட்டா கொடலக் கிழிச்சிரும். வாயில்லாத சீவன், யார்கிட்டப் போய்ச் சொல்லும்?"

நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேரியரின் இரு பக்கமும் பிளாஸ்டிக் டிரம் கட்டியிருந்தது. வெயில் இன்னும் சுடவில்லை. தெருவெல்லாம் சிவப்புக் காகிதத் தூள். கருமருந்து நாற்றம் மூக்கிலேயே குடிவந்திருந்ததால், எது எங்கிருந்து நாறுகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாத காலை அது.

கடைசியாக ஒருமுறை அடிவரை துழாவிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, வந்துருச்சு எல்லாம்" என்றாள். வாளியைத் தூக்கி டிரம்மில் கவிழ்த்தாள்.

அம்மா கம்பியை எல்லாம் எடுத்துவிட்டாள். தண்ணீரை எடுக்கவில்லை. அதைத்தான் இந்த வாரம் எழுத வேண்டும்.

கேட் ஓரத்து வாளிகள்

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் தகர ஷெட் ஒழுகுவதைப் பற்றி எழுதியிருந்தேன். அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "ஒழுகறத எழுதுன சரி. போட்ட மேஸ்திரி நாந்தான்னும் எழுதிட்டியேடா. நாளைக்கு எவன் எனக்கு வேலை குடுப்பான்?" என்றார். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் அப்பா கட்டிய வேறெதுவும் ஒழுகியதில்லை.

தமிழ்நாட்டு எல்லையோரத்து எங்கள் ஊரான மார்டள்ளியிலிருந்து மைசூருக்கு அவர் வந்தது கலவை சுமக்க. நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருடம் கொத்தனார் கரண்டி அவர் கைக்கு வந்தது. விஜயநகரில் அப்போது வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. பாதி எழும்பிய வீட்டுக்குக் காவலாக, பக்கத்துக் காலி மனையில் ஷெட் போட்டுக்கொண்டு நாங்கள் இருப்போம். வீடு முடிந்ததும் அடுத்த மனைக்கு நகர்வோம். அந்தப் பேட்டையில் எங்களுக்கு வீடு கிடையாது. ஆனால் எந்த வீட்டின் சுவருக்குள் எந்த இடத்தில் குழாய் போகிறது என்று அப்பாவுக்குத் தெரியும்.

ஷெட்டோடு நகர்வது செவலையும்தான். செம்மண் நிறம், நெற்றியில் மட்டும் வெள்ளை. அம்மாவின் மாடு. நான் சொல்லவரும் தீபாவளிக்கு அது சினை. இன்னும் ஒரு மாதத்தில் கன்று போட வேண்டியது. முந்தைய கன்று பிறந்த அன்றே போய்விட்டதால், இந்த முறை அம்மா அதைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி பார்த்துக்கொண்டாள்.

அதற்குத் தீனி ஊர் வீடுகளிலிருந்து வரும். அரிசி கழுவிய தண்ணீர், காய்த்தோல், மிஞ்சிய சோறு, ராகி களி கிண்டிய பாத்திரத்தை அலம்பிய நீர் எல்லாவற்றையும் ஒரு வாளியில் சேர்த்து கேட் ஓரம் வைத்துவிடுவார்கள். நாங்கள் கழனித் தண்ணி என்போம். மைசூர்க்காரர்கள் கலகச்சு என்பார்கள். தினமும் காலையில் அம்மா ஐந்தாறு வீட்டு வாளிகளைத் தன் டிரம்மில் கவிழ்த்து வருவாள். கல்லூரி இல்லாத நாளில் சைக்கிள் தள்ள நான் போவேன்.

வீட்டுக்காரர்களுக்குக் குப்பை கழியும். எங்கள் மாட்டுக்கு வயிறு நிறையும். அந்த வாளியில் மாடு தின்னாதது எதையும் யாரும் போட்டதில்லை. சொல்லி வைத்ததல்ல, ஒரு பழக்கம். அந்தப் பழக்கத்தைக் கெடுத்தவன் நான்.

பூஜையில் இருந்த வாளிகள்

நம் பக்கத்தில் தீபாவளி என்றால் விடியற்காலை எண்ணெய்க் குளியலில் தொடங்கும். மைசூரில் அதற்கு முந்தின மாலையே தொடங்கிவிடும். 'நீரு தும்புவ ஹப்ப' என்பார்கள். நீர் நிரப்பும் பண்டிகை. வீட்டிலுள்ள அண்டா, குடம், தவலை, வாளி எல்லாவற்றையும் புளி போட்டுத் துலக்கி, புதுத் தண்ணீர் நிரப்பி, சுண்ணாம்பும் செம்மண்ணும் பூசி, பூச் சுற்றி விளக்கேற்றிக் கும்பிடுவார்கள். மறுநாள் குளிப்பது அந்த நீரில்.

எங்கள் ஷெட்டிலும் அம்மா செய்வாள். மார்டள்ளியில் அவள் செய்தறியாத பண்டிகை. வந்த ஊரில் கற்றுக்கொண்டது. "தண்ணியக் கும்புடறதுக்கு எந்த ஊரா இருந்தா என்ன?" என்பாள். தெருக்குழாயில் வரிசையில் நின்று பிடித்த தண்ணீர் என்பதால் அவள் கும்பிடுவதில் கொஞ்சம் கூடுதல் பயபக்தி இருக்கும்.

எனக்கு அப்போது பி.எஸ்ஸி. இரண்டாம் வருடம், கெமிஸ்ட்ரி. எங்கள் வம்சத்திலேயே பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். அப்படி ஒருவனாக இருப்பதில் ஒரு வியாதி உண்டு. தெரிந்ததை உடனே யாருக்காவது சொல்லியாக வேண்டும்.

கல்லூரியில் சமூக சேவைப் பையன்கள் சேர்ந்து 'பாதுகாப்பான தீபாவளி' என்று கன்னடத்தில் ஒரு துண்டுச் சீட்டு அச்சடித்திருந்தோம். பருத்தி உடை அணியுங்கள், செருப்புப் போடுங்கள் என்று வரிசையாகப் போகும். நான்காவது வரி நான் எழுதியது: ஒரு வாளித் தண்ணீர் தயாராக வையுங்கள், எரிந்த கம்பியையும் எரியாத பட்டாசையும் அதில் போடுங்கள்.

முந்தின வருடம் பக்கத்துத் தெருவில், அணைந்துவிட்டது என்று நினைத்துக் குனிந்து பார்த்த ஒருவருக்குக் கண் போயிருந்தது. அதனால் அந்த வரியை எழுதியபோது ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்ட நெஞ்சு நிமிர்வு எனக்கு இருந்தது. இப்போது படித்தாலும் அந்த வரியில் பிழை தெரியாது. அதுதான் பயமாக இருக்கிறது.

பச்சை

நீர் நிரப்பும் மாலையில், அம்மா கழனித் தண்ணீர் எடுக்கும் வீடுகளுக்கெல்லாம் நானே சீட்டைக் கொண்டுபோனேன்.

அதில் ஒன்று பென்ஷன் சார் வீடு. அரசாங்க ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் மேல்கோட்டை, எங்களோடு தமிழில்தான் பேசுவார், அவர் வீட்டுத் தமிழில். எழுத்தில் வந்த எதற்கும் கட்டுப்படுகிற மனிதர். மருந்துச் சீட்டில் 'சாப்பாட்டுக்குப் பின்' என்றிருந்தால், சாப்பிடாத நாளில் மருந்தும் சாப்பிட மாட்டார்.

"வாப்பா, காலேஜு! என்ன நோட்டீஸ்? எலெக்‌ஷனா?"

"தீபாவளிக்குங்க சார். பாதுகாப்பா வெடிக்கறதுக்கு."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தார். நான்காவதில் விரல் நின்றது.

"வாளின்னு போட்டிருக்கியே. எங்காத்துல இருக்கற வாளி அத்தனையும் பூஜையில இருக்கேப்பா. பூப் போட்டுக் கும்பிட்ட தீர்த்தத்துலயா பட்டாசைப் போடறது?"

"ஏதாவது ஒரு வாளி போதுங்க சார். பழசா இருந்தாலும் சரி."

இதே பதிலைத்தான் ஒவ்வொரு வீட்டிலும் சொன்னேன். அந்த மாலையில் விஜயநகரின் எந்த வீட்டிலும் பூஜையில் இல்லாத வாளி ஒன்றே ஒன்றுதான், கேட் ஓரத்துக் கழனி வாளிதான், இருக்க முடியும் என்பது எனக்கு உறைக்கவில்லை. கல்லூரி இல்லாத நாளெல்லாம் அந்த வாளிக்காகச் சைக்கிள் தள்ளியவன் நான்.

பெங்களூரிலிருந்து அவருடைய பேத்தி வந்திருந்தாள். ஏழு வயதிருக்கும். பொறுமையில்லாமல் அன்றைக்கே ஒரு கலர் மத்தாப்புத் தீப்பெட்டியைத் திறந்து குச்சிகளைக் கொளுத்திக்கொண்டிருந்தாள். ஒன்று பச்சையாக எரிந்தது.

"அண்ணா, இது ஏன் பச்சை?"

நான் காத்திருந்த கேள்வி. கெமிஸ்ட்ரி லேபில் அந்த வாரம்தான் கம்பி நுனியில் உப்பைத் தொட்டுச் சுடரில் காட்டி நிறம் பார்த்திருந்தோம்.

"அது பேரியம், பாப்பா. பேரியம்னு ஒரு உலோகம் இருக்கு. அது எரிஞ்சா பச்சை."

"பே-ரி-யம்" என்று சொல்லிப் பார்த்தாள். அடுத்த பச்சைக்கு, கேட்காமலே கத்தினாள்: "பேரியம்!"

"பாத்தியா, ஒரே நாள்ல கத்துண்டுட்டா" என்று பென்ஷன் சாருக்குப் பெருமை. எனக்கு அதைவிட.

இரண்டு நாள் ஊறியது

மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் அம்மா வாளி எடுக்கப் போகவில்லை. மார்டள்ளியிலிருந்து சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். கறி எடுத்துச் சமைத்து, அவர்களை பஸ் ஏற்றிவிடவே நேரம் சரியாக இருந்தது. செவலைக்கு வைக்கோல் இருந்தது.

மூன்றாம் நாள் பாட்யமி, அமாவாசைக்கு மறுநாள். மைசூர்ப் பக்கம் அன்று மாட்டுக்குப் பூஜை. அம்மா விடிந்ததும் கிளம்பிவிட்டாள். "இன்னிக்கு வாளியெல்லாம் ரொம்பியிருக்கும். பண்டிகச் சோறு. இன்னிக்கு அதும் வகுறார சாப்புடட்டும்" என்றாள்.

ரொம்பித்தான் இருந்தன. பென்ஷன் சார் வீட்டு வாளியில் மேலே வாழைக்காய்த் தோல், பூசணிக் குடல், ஊறிய சோறு. கீழே சாம்பல் நிறத் தண்ணீர். ராகிப் பாத்திரம் அலம்பிய தண்ணீரும் அதே நிறம்தான். கம்பிகள் கையில் தட்டியதும் அம்மா எடுத்ததை முதலிலேயே சொன்னேன். குழந்தைகள் விளையாட்டுக்குப் போட்டிருக்கும் என்று அவள் நினைத்தாள். நான் என்ன நினைத்தேன்? எதுவும் நினைக்கவில்லை. நான் எழுதிய நான்காவது வரி அந்த வாளிக்குள் கிடந்தது; எனக்கு அது கண்ணில் படவில்லை.

செவலை

அம்மா மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு மஞ்சள் பூசி, சாமந்தி மாலை போட்டாள். கற்பூரம் காட்டினாள். அப்புறம் டிரம்மிலிருந்து பாதியைத் தொட்டியில் ஊற்றி, ஒரு பிடி வெல்லம் கரைத்து வைத்தாள்.

செவலை தலையை விட்டு ஒரே மூச்சில் உறிஞ்சியது. தொட்டியின் அடியை நக்கியது.

"பாருடா, பண்டிகச் சாப்பாடுன்னு அதுக்கும் தெரியுது."

நாங்கள் இட்லி சாப்பிட்டு முடித்திருப்போம். வெளியே மணி கிலுங்கியது. மாடு தலையாட்டும்போது கேட்கிற சத்தம் இல்லை அது; விடாமல், பொடிப்பொடியாக, காய்ச்சல்காரனின் பல் அடித்துக்கொள்கிற மாதிரி.

போய்ப் பார்த்தால் செவலையின் தோல் முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்தது. வாயிலிருந்து நுரையும் எச்சிலும் கயிறாக இறங்கியது. தண்ணீராகக் கழிந்தது. பின்னங்கால் ஒன்று மடங்கியது. ஊன்றி எழப் பார்த்தது. அப்புறம் இரண்டும் மடங்கின. மாலையோடு பக்கவாட்டில் சரிந்து விழுந்தது. வயிறு மட்டும் பெரிதாக மேலே தெரிந்தது. வயிற்றுக்குள் கன்று அசைவது வெளியே தெரிந்தது.

"ஐயோ, சோறு சாஸ்தியாயிப்போச்சா? எந்திரி தாயி, எந்திரி!" அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டு தூக்கப் பார்த்தாள்.

கால்நடை ஆஸ்பத்திரி அன்று பூட்டியிருந்தது. டாக்டர் வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிக்கொண்டே பையை எடுத்தார். எனக்கு முன்னால் அவர் மொபெட் வந்து சேர்ந்துவிட்டது.

"என்ன குடுத்தீங்க?" கன்னடத்தில் கேட்டார்.

தோல், சோறு, வெல்லம் என்று அம்மா ஒப்பித்தாள். அவர் ஒரு குச்சியால் தொட்டியின் அடியைக் கிளறினார். குச்சி நுனியில் ஒரு காகிதம் ஒட்டி வந்தது. ஊறி வெளுத்த அட்டைப்பெட்டி லேபிள். அதில் பாதி மத்தாப்பும், அதைப் பிடித்துச் சிரிக்கிற ஒரு குழந்தையின் பாதி முகமும்.

"இது என்ன?"

நான் பென்ஷன் சார் வீட்டுக்கு ஓடினேன். சைக்கிள் நினைவுக்கே வரவில்லை.

"சார், கேட் வாளியில என்ன போட்டீங்க?"

அவர் முகம் மலர்ந்தது. நல்ல மார்க் வாங்கிய பையன் விடைத்தாளைக் காட்டுவதுபோல் சொன்னார்.

"நீ சொன்னதைத்தாம்பா. எரிஞ்ச கம்பி, எரியாத வெடி எல்லாம். அதோட, போன வருஷத்து மத்தாப்பு ஒரு அட்டைப் பெட்டி நிறைய, நமுத்துப் போய்ப் பரண்ல கிடந்தது. அதையும் பிரிச்சுப் போட்டுட்டேன். ரெண்டு நாள் நன்னா ஊறட்டுமேன்னு…"

என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"ஏன்? தப்பா?"

ஆளுக்கொரு குற்றம்

கல்லூரி லேபில் பேரியம் குளோரைடு புட்டி எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். மேல் தட்டில், வலது ஓரம். அதில் மண்டையோட்டுப் படம் ஒட்டியிருக்கும். 'அதை வாயால் உறிஞ்சாதே' என்று எங்களுக்கு முதல் நாளே சொல்லியிருந்தார்கள். விஷம் என்பதும் தெரியும். மத்தாப்பில் பேரியம் இருப்பதும் தெரியும். ஏழு வயதுக் குழந்தைக்கு நின்று பாடம் நடத்தியிருக்கிறேன். மருந்து தண்ணீரில் கரையும் என்பதும் தெரியும். கரைக்கத்தானே வாளி கேட்டேன்.

மூன்றும் தெரியும். மூன்றும் மூன்று தனித்தனி நோட்டுப் புத்தகத்தில் இருந்தன.

திரும்பி ஓடும்போது புட்டி மட்டுமே கண்முன் நின்றது. அதனுடன் ஒட்டிக்கொண்டு இன்னொன்றும் வந்தது. உப்பில் சல்பேட் இருக்கிறதா என்று பார்க்க அந்தப் புட்டியிலிருந்து நாலு சொட்டு விடுவோம். இருந்தால் பால் திரிந்ததுபோல் வெள்ளைப் படிவு இறங்கும். எதிலும் கரையாது. பரீட்சைக்காக மனப்பாடம் செய்தது.

"சார், பேரியம்" என்றேன் டாக்டரிடம். மூச்சு வாங்கியது. "மத்தாப்பு மருந்து. சல்பேட் குடுத்தா படிஞ்சுருமா சார்?"

அவர் என்னை ஒரு நொடி உற்றுப் பார்த்தார். பிறகு பையைத் தரையில் கவிழ்த்தார். மாடுகளுக்குக் கொடுக்கும் பேதி உப்புப் பொட்டலங்கள் இருந்தன. மெக்னீசியம் சல்பேட். தண்ணீரில் கரைத்து பாட்டிலில் ஊற்றினார். "தலையத் தூக்கிப் பிடிங்க. மெதுவா. புரையேறக் கூடாது."

அப்பா வந்துவிட்டிருந்தார். செவலையின் தலையை மடியில் வாங்கிக்கொண்டார். டாக்டர் ஊற்ற ஊற்ற, பாதி வெளியே வழிந்தது.

பின்னாலேயே பென்ஷன் சார் வந்து சேர்ந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பில்லாமல்.

"நான்னா போட்டேன்" என்றார். "பரண்லயே கிடந்திருக்கும். எனக்கெதுக்கு அது?"

"நீங்க என்ன பண்ணுவீங்க சார்? நாந்தான் ஊத்துனேன்" என்றாள் அம்மா. "கம்பியெல்லாம் பாத்துப் பாத்து எடுத்தனே. தண்ணிய மோந்து பாக்கத் தோணலயே."

"இல்லம்மா. வாளியில போடச் சொன்னது நான். சீட்டுல எழுதுனதே நாந்தான்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதுவரை அவளுக்குத் தெரியாது. அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். எனக்குப் படிக்கத் தெரியும் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள், எதுவும் புரியாமல் பார்த்தாள்.

அப்பா தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "மூணு பேரும் அப்பறமா பங்கு போட்டுக்குங்க. இப்ப ஆளுக்கொரு காலப் புடிங்க, பொரட்டிப் படுக்க வெக்கணும்."

பிடித்தோம். பென்ஷன் சார் முன்னங்காலைப் பிடித்தார்.

டாக்டர் ஊசி போட்டார். மறுபடி உப்பு கொடுத்தார். கிளம்பும்போது ஒரு காகிதத்தில் 'விஷம்' என்று எழுதினார். எந்த விஷம் என்று எழுதவில்லை. "நெஜம்மா அதுதானான்னு பாக்க இங்க வசதி இல்ல. சாயங்காலத்துக்குள்ள எந்திரிச்சா பொழைச்சுது" என்றார்.

ஒரு கல்

மத்தியானம் யாரும் சாப்பிடவில்லை. அம்மா செவலையின் வயிற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். கன்று உதைத்தால் தலையாட்டுவாள். எங்களுக்கு அதுதான் செய்தி.

நிழல் சாயும்போது செவலையின் காது திரும்பியது. முன்னங்காலை மடக்கியது. விழுந்தது. இன்னொரு முறை ஊன்றியது. அப்பா வயிற்றுக்குக் கீழே தோள் கொடுத்தார். நின்றுவிட்டது. நான்கு காலும் நடுங்க, கிழிந்த மாலையோடு. அம்மா அழவில்லை. போய் அதன் கொம்பிலிருந்த மஞ்சளைத் துடைத்துவிட்டாள்.

(கன்று அடுத்த மாதம் உயிரோடு பிறந்தது. கேட்டு எழுதக்கூடிய வாசகர்களுக்காக இப்போதே சொல்கிறேன்.)

அப்போதுதான் டிரம்மில் மீதிப் பாதி இருப்பது நினைவுக்கு வந்தது.

டாக்டர் விட்டுப்போன பொட்டலத்தை அதில் கொட்டிக் கலக்கினேன். வெள்ளையாகத் திரண்டு, மெதுவாகக் கீழே இறங்கியது. லேபில் சோதனைக் குழாயில் பார்த்தபோது அழகாக இருந்தது.

"இப்ப சரியாயிருச்சா?" என்றாள் அம்மா.

"பேரியம் அடியில படிஞ்சுரும்மா. ஆனா இதுல வேற என்னென்னவோ இருக்கு. கந்தகம், சாயம்… எனக்கு எல்லாம் தெரியாது."

"அப்ப எங்க ஊத்துறது?"

மனையில் ஊற்றினால் அங்கேதான் செவலை மேயும். சாக்கடையில் ஊற்றினால் அது தெரு முனையில் இறங்கி, சரிவில் ஓடி, கீழே இருக்கிற ஏரிக்குப் போகும். அந்த ஏரியில்தான் அம்மா கோடையில் மாட்டைக் குளிப்பாட்டுவாள். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். சீட்டை எடுத்துப் பார்த்தேன். வாளியில் போடச் சொல்லியிருந்தேன். வாளியை எங்கே கொட்டுவது என்று ஒரு வரி இல்லை.

அப்பா எழுந்து, சிமெண்ட் மூட்டை ஒன்றைத் தட்டிப் பார்த்தார். மணலை இழுத்துப் போட்டு, டிரம் தண்ணீரை வண்டலோடு சேர்த்து ஊற்றிக் குழைத்தார். பண்டிகை நாளில் அவர் கரண்டி தொட்டு நான் பார்த்ததில்லை. நாலு பலகை அடைத்துக் கலவையைக் கொட்டிக் குத்திவிட்டார்.

"கல்லாயிட்டா எங்கயும் போகாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

துணி துவைக்கிற கல் அளவுக்கு வந்தது. கரண்டியைக் கழுவப் போனவர் நின்று தெருவைப் பார்த்தார். வாசலுக்கு வாசல் பெண்கள் வாளி வாளியாகத் தண்ணீர் விட்டுக் கரியைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள், சாயங்காலக் கோலத்துக்கு. சாம்பல் தண்ணீர் நுரைத்துச் சாக்கடைக்குள் இறங்கியது.

"ஒரு வாளிக்கு ஒரு கல்லு. இந்தத் தெருவுல போறதெல்லாம் புடிச்சா ஒரு காம்பவுண்டே எழுப்பலாம்டா" என்றார். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

மூடியின் மேல்

சீட்டுக் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வரச் சொன்னாள் அம்மா. "நீ சொல்லித்தானே போட்டாங்க. நீயே போய் வேண்டாம்னு சொல்லு."

விளக்கு வைக்கிற நேரம். முதலில் பென்ஷன் சார் வீடு. மாடு எழுந்துவிட்டது என்றதும் கைகூப்பி மேலே பார்த்தார். நான் கொடுத்த சீட்டைச் சுவரில் ஆணியில் குத்தி வைத்திருந்தார். அதை எடுத்து, சட்டைப் பையிலிருந்து பேனாவையும் எடுத்து, நான்காவது வரியை ஒரே கோட்டில் அடித்தார். அடித்த வரிக்குப் பக்கத்தில் பேனா நுனியை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"சரி, வாளியில வேண்டாம். பின்னே எங்கே போடணும்? சொல்லு, எழுதிக்கறேன்."

தோட்டத்தில் புதைக்கச் சொல்லவா? குப்பையில் போட்டால் குப்பையை எங்கே கொட்டுகிறார்கள்? அப்போதுதான் முற்றத்தைப் பார்த்தேன். அப்பா பூசிய சம்ப் மூடி. வீட்டுக்குக் குடிதண்ணீர் நிற்கும் நிலத்தடித் தொட்டியின் மேல் மூடி. முற்றத்திலேயே சமமான இடம் அதுதான் என்பதால் புஸ்வாணமும் சக்கரமும் அதன் மேல்தான் கொளுத்தியிருந்தார்கள். கரிய நட்சத்திரங்களாக வடு. வேலைக்காரப் பெண் ஒரு குடம் தண்ணீர் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூடியின் விளிம்பில் இரண்டு விரல் இடைவெளி உண்டு, தூக்குவதற்காக. கரித்தண்ணீரில் கொஞ்சம் அந்த வழியாக உள்ளே இறங்கியது. மூன்று நாள் முன்பு பூப் போட்டுக் கும்பிட்ட தண்ணீர் அந்தத் தொட்டியிலிருந்துதான் வந்தது.

"சார்… வாங்க வேண்டாம்" என்றேன். "போடறதுக்கு எடமே இல்லீங்க சார். பட்டாசே வாங்காம இருந்தாத்தான்."

பேனா 'வாங்' என்று எழுதியது. நின்றது.

எழுத்தில் வந்த எல்லாவற்றுக்கும் கட்டுப்படுகிற மனிதர் பேனாவை மூடிப் பையில் செருகினார். முற்றத்தைக் காட்டினார்.

"அவகிட்ட அதை நான் சொல்ல மாட்டேம்பா. நீயே சொல்லிடு."

பேத்தி ஈர மூடியின் மேல், பட்டுப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றிருந்தாள். கையில் புது மத்தாப்பு. வேலைக்காரப் பெண் தீக்குச்சியைக் காட்டினாள். பற்றவில்லை. மறுபடி காட்டினாள். சீறிக்கொண்டு பச்சையாகப் பற்றியது. பூ பூவாக உதிர்ந்து, கால்களைச் சுற்றி ஈரத்தில் விழுந்து சொய்ங் சொய்ங்கென்று அணைந்தது.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் என்னைப் பார்த்துவிட்டாள். படித்ததை மறக்கவில்லை என்று காட்டுகிற சந்தோஷத்தில், மத்தாப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக் கத்தினாள்.

"அண்ணா, பாருங்கோ! பேரியம்!"